கடவுள் சும்மா மன்னித்துவிடக் கூடாதா? கிறிஸ்தவத்தில் ‘பாவநிவிர்த்தி’ என்றால் உண்மையில் என்ன?

கேள்வி ஒன்று மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கிறது. பாவநிவிர்த்தி என்றால் என்ன என்பது ஒன்று. கடவுள் எல்லாம் வல்லவர் என்றால் “போ, மன்னித்தேன்” என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல் எதற்கு ஒரு சிலுவை, எதற்கு அவ்வளவு ரத்தம் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உண்மையில் உறுத்துகிற கேள்வி. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் நானும் அதையே கேட்டு, “அதெல்லாம் விசுவாசிக்க வேண்டிய விஷயம், உட்கார்” என்று உட்கார வைக்கப்பட்டவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல். தமிழில் இதற்கு நாலைந்து சொற்கள் புழங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். பழைய புராட்டஸ்டன்ட் பைபிளில் பாவநிவிர்த்தி. கத்தோலிக்கர்கள் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் கழுவாய், புறநானூற்றிலேயே இருக்கிற நல்ல பழைய சொல். பேச்சில் வருவது பரிகாரம், பிராயச்சித்தம். இந்தக் கடைசி இரண்டும்தான் ஆளைத் திசைதிருப்பும். பரிகாரம் என்றதும் தப்பு செய்தவன் மேலே இருப்பவரின் கோபத்தைத் தணிக்க எதையோ கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்றுதான் மனதில் படம் வருகிறது. கீழிருந்து மேலே போகிற சமாசாரம். புதிய ஏற்பாடு சொல்வது ஏறக்குறைய இதற்குத் தலைகீழ். அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதங்களில் ரோமர் 5, இரண்டாம் கொரிந்தியர் 5 இரண்டையும் எடுத்துப் பாருங்கள்: மனிதன் கடவுளைச் சமாதானப்படுத்தினான் என்று பவுல் ஓரிடத்திலும் எழுதவில்லை, கடவுள்தான் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார், அதாவது முறிந்த உறவைச் சரிசெய்தார். செய்கிறவர் அவர், சரிசெய்யப்பட வேண்டியவர்கள் நாம்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘அட்டோன்மென்ட்’ என்கிறார்களே, அதைப் பிரித்தால் ‘ஒன்றாய் இருக்கும் நிலை’ என்று வரும். 16-ஆம் நூற்றாண்டில் வில்லியம் டின்டேல் பைபிளை மொழிபெயர்த்தபோது பயன்படுத்தி நிலைத்துவிட்ட சொல் அது. லத்தீன், கிரேக்கத்தில் கடன் வாங்காமல் ஆங்கிலத்திலேயே முளைத்த இறையியல் சொற்கள் ரொம்பக் குறைவு. தமிழில் அதற்கு நேராக நிற்கக்கூடியது பாவநிவிர்த்தியைவிட ‘ஒப்புரவு’தான் என்பது என் கட்சி (குறளில் வரும் ஒப்புரவு வேறு பொருள், அதை இங்கே இழுக்க வேண்டாம்).

சரி, ரத்தம் எங்கிருந்து வருகிறது? பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலரின் வழிபாட்டுச் சட்டங்கள் உள்ள லேவியராகமம், 16-ஆம் அதிகாரம். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் (யூதர்கள் யோம் கிப்பூர் என்கிற நாள்), தலைமை ஆசாரியன் தன் வழக்கமான அலங்கார உடையைக் கழற்றிவிட்டு வெறும் சணல்நூல் உடையில் கடவுளின் கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிறான். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள், சீட்டுப் போட்டுப் பிரிக்கப்படுகின்றன. ஒன்றை அடித்து, அதன் ரத்தத்தை உள்ளே கொண்டுபோய் உடன்படிக்கைப் பெட்டியின் மூடிமேலும் அதன் முன்னும் தெளிக்க வேண்டும். அப்புறம் வெளியே வந்து, உயிரோடு நிற்கிற இன்னொரு கடாவின் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து மக்களின் பாவங்களையெல்லாம் வாய்விட்டு அறிக்கை செய்து, ஓர் ஆளிடம் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். தமிழ் பைபிளில் அதற்குப் ‘போக்காடு’ என்று பெயர்.

இங்கே பிரசங்கங்களில் அடிக்கடி குழப்பிவிடுகிற ஒரு விஷயம் உண்டு. பாவம் சுமத்தப்பட்ட ஆடு பலிபீடத்தில் வெட்டப்படவில்லை. வெட்டப்பட்ட ஆட்டின்மேல் பாவம் சுமத்தப்படவில்லை. முதல் ஆட்டின் ரத்தம் எதற்கு? அந்த இடத்தைச் சுத்தம் செய்ய. மக்கள் செய்த தப்பு அவர்களோடு நின்றுவிடாமல் கடவுள் தங்குகிற கூடாரத்தையே அழுக்காக்கிவிட்டது, அழுக்கு போனால்தான் அவர் அவர்கள் நடுவில் தங்க முடியும் என்பது அங்கே இருக்கும் கணக்கு. “மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது” என்று அடுத்த அதிகாரமே விளக்குகிறது. ரத்தம் அங்கே உயிருக்கு அடையாளம், சாவின் கறையைக் கழுவ உயிர். இரண்டாவது ஆடு, பாவத்தை ஊருக்கு வெளியே சுமந்துகொண்டு போக. ஆக ஒரே நாளில் கழுவுதல் ஒன்று, அப்புறப்படுத்துதல் ஒன்று. “ஆட்டை அடித்துக் கடவுளின் கோபம் தணிந்தது” என்று இதை ஒரு வரியில் முடிக்க முடியாது.

அந்தப் பெட்டி மூடிக்கு எபிரேயத்தில் கப்போரெத், தமிழில் கிருபாசனம். கிரேக்க பைபிளில் ஹிலாஸ்தேரியோன். பவுல் ரோமர் 3:25-ல் இயேசுவைப் பற்றிச் சொல்ல எடுத்த சொல்லும் அதே ஹிலாஸ்தேரியோன்தான். ஆனால் தமிழில் எபிரெயர் 9:5-ல் அது ‘கிருபாசனம்’, ரோமரில் ‘கிருபாதார பலி’. இரண்டும் ஒரே சொல் என்று தமிழில் வாசிக்கிறவனுக்குத் தெரிய வழியே இல்லை. கடவுளும் மனிதனும் சந்திக்கிற அந்த மூடி இப்போது ஒரு பொருள் இல்லை, ஓர் ஆள் என்கிறார் பவுல். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிலுவை இதை எப்படிச் சாதித்தது என்பதற்கு இதுதான் ஒரே அதிகாரப்பூர்வ விளக்கம் என்று ஆதித் திருச்சபையின் பொதுச் சங்கங்கள் (ஆயர்கள் கூடி முடிவெடுத்த மாநாடுகள்) எதுவும் முடிவு கட்டவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் உருவான விசுவாச அறிக்கையான நைசீன் விசுவாசப் பிரமாணமும் “நமக்காக” சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் ஆளுக்கொரு விளக்கம். மாற்கு 10:45-ல் இயேசு தம் உயிரை “மீட்கும்பொருளாக” கொடுப்பதாகச் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, அந்த விலை பிசாசுக்குக் கொடுக்கப்பட்டது என்றார் 3-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிகன். 4-ஆம் நூற்றாண்டு ஆயர் நீசாவின் கிரகோரி இன்னும் ஒரு படி மேலே போய், மனித உடல் தூண்டில் இரை, உள்ளே ஒளிந்திருந்த தெய்வீகம்தான் கொக்கி, பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டான் என்றார். அதே காலத்து இன்னொரு ஆயர், நசியான்சஸின் கிரகோரிக்கு இது பொறுக்கவில்லை: கொள்ளைக்காரனுக்குக் கடவுள் விலை கொடுப்பதா, வெட்கக்கேடு என்றவர், சரி, தகப்பனுக்குத்தான் கொடுத்தது என்றால் நம்மைப் பிடித்து வைத்திருந்தது அவர் இல்லையே என்றும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை எல்லோரையும் திருப்திப்படுத்துகிற பதில் வரவில்லை என்பேன்.

1098 வாக்கில் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் பிசாசைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். பாவம் கடவுளின் மாண்புக்கு இழுக்கு, அதை ஈடுகட்ட வேண்டியவன் மனிதன், ஈடுகட்ட முடிந்தவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுள்-மனிதர். கவனியுங்கள், அவரிடம் ஈடு என்பது தண்டனைக்கு மாற்று. ஈடு வந்தால் தண்டனை இல்லை. அந்தத் தண்டனையையே கிறிஸ்து ஏற்றுக்கொண்டார் என்று அழுத்தியது 16-ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள், குறிப்பாகக் கால்வின். அவர் சட்டம் படித்தவர், அந்த வாசனை எழுத்தில் அடிக்கும். அன்செல்முக்குக் கொஞ்சம் பின்னால் வந்த இறையியலாளர் அபெலார்டோ, சிலுவையில் தெரியும் அன்பு நம் மனதை மாற்றுவதைப் பெரிதாகப் பேசினார். 1930-ல் குஸ்தாவ் ஔலேன் என்ற ஸ்வீடன்காரர், பாவம், சாவு, பிசாசு எல்லாவற்றையும் கிறிஸ்து ஜெயித்தார் என்பதுதான் ஆதி விளக்கம் என்று வெற்றிக் கோணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். இதில் எது சரி என்று சபைகள் இன்னும் சண்டை போடுகின்றன. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் போய்விட்டது.

இனி அந்த “சும்மா மன்னிக்கக் கூடாதா”. சித்தி மகன் ஒருவன், எனக்குத் தம்பி முறை, தொழிலுக்கு வாங்கிய கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஏழெட்டு மாதத்தில் தவணை நின்றது, நோட்டீஸ் என் பெயருக்கு வந்தது. அவன் வந்து எதிரே உட்கார்ந்து, தலையைத் தூக்காமல், “அண்ணே, தப்புப் பண்ணிட்டேன்” என்றான். நானும் “விடுடா, பார்த்துக்கலாம்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் சொன்னதோடு முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி காலையில் போனில் டிங் என்று ஒரு சத்தம், என் கணக்கிலிருந்து பணம் கழிந்த குறுஞ்செய்தி. மூன்று வருஷம். மன்னித்தது ஒரு நிமிஷம், மன்னிப்பு நடந்தது முப்பத்தாறு தவணை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: சும்மா மன்னிப்பது என்று ஒன்று கிடையாது. நஷ்டம் காற்றில் கரையாது, செய்தவன் ஏற்காவிட்டால் மன்னிக்கிறவன் ஏற்கிறான்.

எபிரெயர் 7:22-ல் இயேசுவை ஓர் உடன்படிக்கைக்குப் “பிணையாளி” என்று சொல்லியிருப்பது அந்த மூன்று வருஷத்துக்குப் பிறகு எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.

ஆனால் என் உதாரணம் ஓரிடத்தில் உடையும், அதையும் சொல்லிவிடுகிறேன். என் கதையில் வங்கி ஒருவர், கட்டியவன் வேறொருவன். இதை அப்படியே சிலுவைக்குப் பொருத்தினால், கோபக்கார அப்பா ஒருவர், எவனோ செய்த தப்புக்குக் குற்றமில்லாத மகனை அடித்துத் தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார் என்று ஆகிவிடும். பல பிரசங்கங்கள் அங்கேதான் போய் நிற்கின்றன, கேட்கிறவர்கள் எழுந்து போவதும் அங்கேதான், அவர்கள்மேல் எனக்குத் தப்பே தெரியவில்லை. கிறிஸ்தவம் திரித்துவத்தை (தகப்பன், மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை) சொல்வதால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது: கடன் கொடுத்தவரும் கட்டியவரும் ஒரே கடவுள். அதை எடுத்துவிட்டால் பாவநிவிர்த்தி வெறும் கொடுமைக் கதை. ஆட்சேபம் சொல்கிறவர்கள் பாதி சரிதான்.

அப்புறம், “கடவுள் மன்னித்தாயிற்று, இனி நான் யாருக்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை” என்று சொல்கிற ஒரு ரகம் உண்டு. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு விதி: யோம் கிப்பூர் நாள் கடவுளுக்கு விரோதமான பாவத்துக்குத்தான் நிவிர்த்தி. சக மனிதனுக்குச் செய்ததற்கு, அவனை முதலில் சமாதானப்படுத்தும்வரை அந்த நாள் உதவாது. இயேசு மத்தேயு 5-ல் சொல்வதும் ஏறக்குறைய அதுவே. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னால் வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு. மக்களை ஏமாற்றிப் பணம் சேர்த்த வரிவசூலிப்பவன் சகேயுவின் கதையிலும் (லூக்கா 19) வரிசையைப் பாருங்கள். இயேசு “உன் வீட்டில் தங்க வேண்டும்” என்று சொன்னது முதலில், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்றது பிறகு. அவன் கொடுத்தது நுழைவுக் கட்டணம் இல்லை.

என் தம்பி விஷயம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பீர்கள். கடன் தீர்ந்து, பாக்கி இல்லை என்ற கடிதமும் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் பணத்தைக் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் குடும்பத்தில் எங்கே கூடினாலும், நான் உள்ளே வருவது தெரிந்தால் அவன் பின்வாசல் வழியாக எழுந்து போய்விடுகிறான். “தேவனோடே ஒப்புரவாகுங்கள்” என்று பவுல் கொரிந்தியரைக் கெஞ்சுகிற வரி இருக்கிறதே, எல்லாம் கட்டி முடித்த பிறகு எதற்குக் கெஞ்சல் என்று முன்பெல்லாம் எனக்குப் புரியாது. போன வாரம்கூட அவனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.