வாடகை கார் நிறுவனம் 45 யூரோ எடுத்துக்கொண்டது: அபராதம் தீர்ந்துவிட்டதா?

கேள்வி: ஜூன் மாதம் இத்தாலியில் வாடகைக்கு எடுத்த காரில் இத்தாலி, சுவிட்சர்லாந்து இரண்டையும் சுற்றி வந்தோம். இரண்டு மாதம் கழித்து என் கிரெடிட் கார்டிலிருந்து வாடகை நிறுவனம் இரண்டு முறை 45 யூரோ எடுத்திருக்கிறது. ‘விதிமீறல் தகவல் கட்டணம்’ என்று மட்டும் குறிப்பு இருக்கிறது. அதில் ஒரு நாள் ஓட்டியவர் என் மைத்துனர். காவல்துறையிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அபராதம் கட்டியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? இனி கடிதம் வந்தால் கண்டுகொள்ளாமல் விடலாமா?

பதில்: கட்டியாகவில்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இது வேக மீறல் என்றே வைத்துக்கொள்வோம். வேகக் கேமரா வண்டி எண்ணைத்தான் படம் பிடிக்கிறது. அந்த எண்ணின் உரிமையாளர் வாடகை நிறுவனம் என்பதால் காவல்துறை முதலில் அவர்களுக்குத்தான் எழுதும். ‘அன்று வண்டி இவரிடம் இருந்தது’ என்று உங்கள் பெயரையும் முகவரியையும் அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அந்த வேலைக்கான கூலிதான் 45 யூரோ. அபராதம் தனியாக வரும். இரண்டு முறை எடுத்திருப்பதால் அநேகமாக இரண்டு விசாரணைகள் வந்திருக்கும். இரண்டு அபராதங்களை எதிர்பாருங்கள். இந்தக் கட்டணம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், வங்கியில் புகார் செய்து திரும்பப் பெறுவது கடினம். ஒரே விசாரணைக்கு இருமுறை எடுத்திருந்தால் மட்டும் தாராளமாகச் சண்டை போடலாம்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. துபாயில் அபராதம் வண்டி எண்ணின் மேலேயே ஏறும். நிறுவனம் அதைக் கட்டிவிட்டு, தன் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் பிடித்துக்கொள்ளும். அங்கே தனியாக ஒருமுறை கட்டினால் இரட்டைச் செலவு. கார்டில் போனது கூலி மட்டுமா, அபராதமும் சேர்ந்ததா என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கடிதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாடகை நிறுவனத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, காவல்துறை அவர்களுக்கு அனுப்பிய விசாரணையின் நகலைக் கேளுங்கள். எந்த அலுவலகம், கோப்பு எண், நாள், நேரம், இடம் எல்லாம் அதில் இருக்கும். உங்களைப் பற்றி அவர்கள் கொடுத்த முகவரி என்ன என்பதையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கதவு எண்ணோ அஞ்சல் குறியீடோ விட்டுப்போயிருந்தால் கடிதம் எங்கோ சுற்றும்; அதற்குள் குறைந்த தொகையில் கட்டுவதற்கான தள்ளுபடி நாட்கள் கடந்துவிடும். முகவரி தவறு என்றால், கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு அந்த அலுவலகத்துக்கே எழுதித் திருத்திக்கொள்ளலாம்.

இத்தாலியில் அபராத அறிவிப்பை ‘வெர்பாலே’ என்பார்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதை அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு. உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியவந்த பிறகே அந்தக் கணக்கு ஓடத் தொடங்கும் என்பதால், பயணம் முடிந்து ஓராண்டு கடந்து வந்த கடிதம் தானாகவே செல்லாததாகிவிடாது. வேக மீறல் சாலை விதித் தொகுப்பின் 142ஆம் பிரிவில் வருகிறது. வேக வரம்பை மணிக்கு 10 கி.மீ. வரை மிஞ்சினால் குறைந்தபட்சம் 42 யூரோ. 10க்கு மேல் 40 வரை 173 யூரோ. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை மூன்றில் ஒரு பங்கு கூடும். கேமரா காட்டிய வேகத்தில் 5 சதவீதம், குறைந்தது 5 கி.மீ., கழித்த பிறகே கணக்கிடுவார்கள். கடிதத்தில் இரண்டு வேகங்கள் இருப்பது அதனால்தான். சிறிய எண்ணையே பாருங்கள்.

கடிதம் கையில் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் இந்தத் தொகைகளில் 30 சதவீதம் குறையும்: 173 என்பது 121.10 ஆகும். தபால் செலவுக்குத் தள்ளுபடி இல்லை. 60 நாள் வரை குறைந்தபட்சத் தொகை; அதையும் தாண்டினால் அதிகபட்சத்தில் பாதி, அதாவது ஏறக்குறைய இரட்டிப்பு. ஆகவே கடிதம் வந்த தேதியை உறையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

வங்கி வழியாகப் பணம் அனுப்புகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயம்: இடையிலுள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். 121.10 அனுப்பினால் 109 போய்ச் சேரும். குறைவாகக் கட்டியதாகப் பதிவாகி மீதியைக் கேட்டு மறுபடி கடிதம் வரும். அனுப்பும்போது கட்டணம் முழுவதையும் அனுப்புநரே ஏற்பதற்கான ‘ஓ-யு-ஆர்’ குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். விவரப் பகுதியில் வெர்பாலே எண்ணையும் வண்டி எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். பணம் போய்ச் சேரவும் நாளாகும் என்பதால், கடிதத்தில் இணைய வழிக் கட்டணம் கொடுத்திருந்தால் கார்டில் கட்டுவதே நல்லது.

பல இத்தாலிய நகராட்சிகளுக்காக ஃபிளாரன்ஸைச் சேர்ந்த நிவி என்ற தனியார் நிறுவனம் கடிதம் அனுப்புகிறது. தனியார் பெயரைப் பார்த்ததும் மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள். அதே சமயம் போலிகளும் உண்டு. வண்டி எண், நாள், நேரம், இடம் நான்கும் உங்கள் ஒப்பந்தத்தோடும் பயண வழியோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பையோ துண்டுச்சீட்டில் உள்ள கியூஆர் குறியையோ தொடாதீர்கள். தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து நுழையுங்கள்.

மைத்துனர் விஷயம் தனி. வாடகை நிறுவனம் ஒப்பந்தக்காரரின் பெயரைத்தான் கொடுக்கும். கடிதத்தோடு ஓட்டுநர் விவரப் படிவம் வந்தால், ஓட்டியவரின் பெயர், பிறந்த தேதி, உரிம எண்ணை நிரப்பி, கையெழுத்திட்டு 60 நாளுக்குள் அனுப்புங்கள். அபராதத்தைக் கட்டிவிட்டோமே என்று படிவத்தை விட்டுவிட்டால் அதற்குத் தனி அபராதம் வரும். ஒப்பந்தத்தில் அவர் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்கப்படவில்லை என்றால் காப்பீட்டில் வேறு சிக்கல் இருக்கிறது. ஆனாலும் பொய்யாக உங்கள் பெயரை எழுதாதீர்கள்.

சுவிட்சர்லாந்துக் கடிதம் மாநிலக் காவல்துறையிடமிருந்து வரும். ஊருக்குள் 5 கி.மீ. வரை மிஞ்சினால் 40 பிராங்க், 10 வரை 120, 15 வரை 250. 30 நாளுக்குள் கட்டினால் விவகாரம் அத்தோடு முடியும். கட்டாவிட்டால் அது குற்ற நடைமுறைக்கு மாறி, நீதிமன்ற விசாரணை இல்லாமலே தண்டனை விதிக்கும் ‘தண்டனை ஆணை’ வரும். எதிர்க்க 10 நாள்தான். அதில் சேரும் செலவு அபராதத்தையே மிஞ்சிவிடும், அதையும் கட்டாவிட்டால் எத்தனை நாள் சிறை என்பதும் எழுதியிருக்கும். அந்த நாட்டுக்கு மறுபடி போகும் எண்ணம் இருப்பவர்கள் இதில் விளையாட வேண்டாம்.

இத்தாலியில் விட்டுவிட்டால்? 60 நாளுக்குப் பிறகு ஏறிய தொகை வசூலுக்குப் போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 70 யூரோவும் அதற்கு மேலும் உள்ள அபராதத்தை நீங்கள் வசிக்கும் நாடே வசூலித்துக் கொடுக்க வழி உண்டு. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவரிடம் வசூலிப்பது அவர்களுக்குக் கடினம்தான். ஆனாலும் 121 யூரோவில் முடிந்திருக்க வேண்டியதை முந்நூறு நானூறாக்கி வைத்துக்கொண்டு ஐந்தாண்டு கடிதங்களுக்குப் பயப்படுவது யாருக்கும் லாபமில்லை.

எதிர்க்க வேண்டுமென்றால் பணம் கட்டாதீர்கள். கட்டிய நிமிடமே எதிர்க்கும் உரிமை போய்விடும். இத்தாலியில் பிரிஃபெக்ட் (மாவட்டத்தில் அரசின் பிரதிநிதி) அலுவலகத்துக்கு 60 நாளுக்குள் இலவசமாக எழுதலாம், ஆனால் தோற்றால் தொகை குறைந்தது இரட்டிப்பாகும். சிறு வழக்குகளை விசாரிக்கும் சமாதான நீதிபதியிடம் போக வெளிநாட்டில் வசிப்பவருக்கு 60 நாள், உள்ளூர்க்காரருக்கு 30. மனுவுக்கு 43 யூரோ செலவு. கேமராவுக்கு முன் எச்சரிக்கைப் பலகை இல்லை, வண்டி எண் தவறு, அந்த நேரத்தில் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்பவை நிற்கக்கூடிய வாதங்கள். 2024 ஏப்ரலில் இத்தாலிய உச்ச நீதிமன்றம், கேமராவுக்கு ‘அனுமதி’ மட்டும் போதாது, ‘தரச் சான்று’ம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது, அதை வைத்துப் பலர் வழக்காடுகிறார்கள். ‘பலகையைக் கவனிக்கவில்லை’, ‘எல்லோரும் அந்த வேகத்தில்தான் போனார்கள்’ என்பவை எங்கும் எடுபடாது. 42 யூரோ அபராதத்துக்கு 43 யூரோ மனு போடுவது பொருளற்றது. இரண்டு கடிதங்களும் ஒரே சாலையில், ஒரு மணி நேரத்துக்குள் பதிவானவை என்றால் மட்டும் கட்டுவதற்கு முன் சற்று யோசியுங்கள். 2024 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி, ஒரே துறையின் கேமராக்களாக இருந்தால், பெரிய அபராதத்தோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டி ஒன்றாக முடித்துக்கொள்ள இடமுண்டு.