சூடேறினால் பிளாஸ்டிக் எப்படி உடைகிறது? பட்டறைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் தொழிலிலும் வீட்டிலும் பிளாஸ்டிக்கோடு புழங்குகிறவர்கள் கேட்டவை இவை. பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளி வடிவமாக்கும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தை ஓட்டியே தலை நரைத்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

பெருந்துறை, பைப் பட்டறை: அண்ணா, பிவிசி ஓட்டும்போது மின்சாரம் போய்த் திரும்பினால் டை என்கிற அச்சு வாயிலிருந்து பழுப்பாகவும் கருப்பாகவும் வருகிறது. ஹீட்டர் அளவைத் தொடவே இல்லை. பிறகு ஏன் கருகுகிறது?

சூட்டின் அளவை மட்டும் பார்க்கிறீர்கள். எவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தது என்பதையும் பாருங்கள். பிவிசியின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். அதை உருக்கி ஓட்டும் 170 முதல் 200 டிகிரிக்குள்ளேயே அதன் மூலக்கூறுச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு கழன்று வரத் தொடங்கும். ஓரிடத்தில் கழன்றால் அதற்கு அடுத்த இடம் பலவீனமாகும், அதுவும் கழலும். கழன்ற இடத்திலெல்லாம் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக அமைகின்றன. அந்த வரிசை நீள நீள மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கடைசியில் கருப்பு. டையில் நீங்கள் பார்க்கும் நிறம் எத்தனை தூரம் சிதைந்தது என்பதற்கான கணக்கு.

இதில் கொடுமை என்னவென்றால், வெளியேறும் அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். உருகலைத் தள்ளும் ஸ்க்ரூ நின்றுவிட்டால் அந்த அமிலம் அதைச் சுற்றியுள்ள பேரல் குழாய்க்குள் தங்கி இரும்பையும் அரிக்கும். கால்சியம்-துத்தநாக ஸ்டெபிலைசர் சேர்ப்பது அமிலத்தைப் பிடித்துக்கொள்ளத்தான். பிடிக்கப் பிடிக்க அது தீரும். அரைத்த பழைய பைப்பைக் கலக்கிறீர்கள் என்றால், அதிலிருந்த ஸ்டெபிலைசரில் ஒரு பங்கு முன்பே செலவாகியிருக்கிறது. புதிதாகச் சேர்க்காமல் ஓட்டாதீர்கள். ஸ்க்ரூவைச் சுழற்றும் அளவுக்காவது ஒரு ஜெனரேட்டர் வைத்து, பின்னால் பாலிஎத்திலீனைத் தள்ளிப் பிவிசியை முழுவதும் வெளியேற்றிவிட்டு நிறுத்துங்கள்.

கோவை, கணபதி: அதே மோல்டிங் இயந்திரத்தில் பிவிசி முடித்ததும் அசிட்டால் கியர் ஓட்டலாமா ஐயா?

கூடவே கூடாது. பேரலில் ஒட்டியிருக்கும் பிவிசி விடும் அமிலம், கியர் செய்யும் கெட்டிப் பிளாஸ்டிக்கான அசிட்டாலின் சங்கிலியை நுனியிலிருந்து அவிழ்த்து ஃபார்மால்டிஹைடு வாயுவாக்கிவிடும். மூடிய பேரலுக்குள் அழுத்தம் ஏறி, உருகிய பொருள் நாசில் வழியாகவோ ஹாப்பர் வழியாகவோ பீய்ச்சியடிக்கும். ஆளைச் சுட்டுவிடும் விஷயம் இது. இரண்டுக்கும் தனித்தனி இயந்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரூர், கொசுவலை நூல் ஆலை: மறுசுழற்சிக் குருணையில் பாலிஎத்திலீன் கட்டி கட்டியாக வந்து நூல் அறுகிறது. பக்கத்து ஆலையில் பாலிபுரோப்பிலீனோ தண்ணீராக இளகுகிறது என்கிறார்கள். சூடு ஒன்றுதானே?

சூடு ஒன்றுதான், சங்கிலியின் அமைப்பு வேறு. பாலிபுரோப்பிலீனில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு கிளை தொங்குகிறது. அந்தக் கார்பனின் ஹைட்ரஜன் எளிதில் பறிபோகும். போனதும் சங்கிலி அங்கே வெட்டுப்படும். துண்டுகள் சிறுத்தால் உருகல் இளகும். பாலிஎத்திலீனிலோ ஹைட்ரஜனை இழந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் போக்கு வலுவானது. நீங்கள் பார்க்கும் கட்டி அதுதான். இரண்டிலும் ஆக்சிஜன் எரிகிற தீயில் எண்ணெய். ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்த மாஸ்டர்பேட்ச் (சேர்மானக் குருணை) போடுங்கள், டையின் மூலைகளில் உருகல் தேங்கவிடாதீர்கள்.

திருப்பூர்: பெட் பாட்டில் செதில்களை நன்றாகக் கழுவித்தான் உருக்குகிறோம். நூல் வலுவே இல்லை.

கழுவியது சரி, காய வைத்தீர்களா? உருகிய பெட்டில் ஈரம் இருந்தால் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் சங்கிலியில் ஓர் எஸ்டர் பிணைப்பை வெட்டும். 160 டிகிரியில் நான்கு முதல் ஆறு மணி நேரம் உலர்த்தி, ஈரத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

ஈரோடு, பழைய இரும்புக்கடை: ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறோம். புகை எரிச்சலாக இருக்கிறது. முகத்தில் துணி கட்டினால் போதுமா?

போதாது தம்பி. கொளுத்துவதையே நிறுத்துங்கள். எரிச்சல் தருவது, ஒயரின் பிவிசி உறை எரிந்து வரும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி. அது தண்ணீரில் கரையும் என்பதால் கண்ணும் தொண்டையும் உடனே எச்சரிக்கின்றன. அதைவிடக் கொடியது எந்த எச்சரிக்கையும் தராது. குளோரின், அரைகுறையாக எரிந்த கரி, 200 முதல் 400 டிகிரி வரையிலான சூடு இவை சேரும் இடத்தில் டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகும். அதற்குச் சிறந்த வினையூக்கி செம்பு. நீங்கள் ஒயரைக் கொளுத்தும்போது எல்லாமே ஒரே குவியலில் இருக்கின்றன. முறையான எரி உலையில் வாயுவை 850 டிகிரியில் இரண்டு நொடியாவது வைத்திருந்து, பிறகு விரைவாகக் குளிர்விக்கிறார்கள். திறந்த வெளியில் அது நடக்காது. டையாக்சின் புல்லில் படிந்து, மேயும் மாட்டின் பால் கொழுப்பிலும், மண்ணைக் கொத்தும் கோழியின் முட்டையிலும் சேர்ந்து வீட்டுக்கே வந்துவிடும். ஒயர் உரிக்கும் இயந்திரம் வாங்குங்கள். கருகாத செம்புக்கு நல்ல விலையும் கிடைக்கும்.

கோபிசெட்டிபாளையம்: நான்ஸ்டிக் தோசைக்கல்லும் விஷமா அண்ணா?

சாதாரணமாகத் தோசை சுடும் சூட்டில் இல்லை அம்மணி. அந்தப் பூச்சு 260 டிகிரி வரை தாங்கும். வெறுங்கல்லை அடுப்பில் மறந்து 350 டிகிரியைத் தாண்டவிட்டால் நச்சு வாயு வரும். மனிதருக்குக் காய்ச்சல், கூண்டுப் பறவைகளுக்கு மரணம். சமையலறையில் கிளி வளர்த்தால் கூண்டை இடம் மாற்றிவிடுங்கள்.

கல்லூரி மாணவி, நாமக்கல்: அக்ரிலிக்கைச் சூடாக்கினால் மூலப்பொருளே திரும்பக் கிடைக்குமாமே. பாலிஎத்திலீனில் ஏன் கிடைப்பதில்லை?

நல்ல கேள்வி கண்ணு. அக்ரிலிக் சங்கிலி அறுந்தால் அந்த முனை நிலையானது. பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்காமல், முனையிலிருந்து மோனோமர் என்கிற கண்ணிகளை ஒவ்வொன்றாக உதிர்க்கும். 300 முதல் 400 டிகிரியில் 90 சதவீதத்துக்கு மேல் மூலப்பொருளான மெத்தில் மெத்தாக்ரிலேட்டாகவே மீட்கலாம். பாலிஎத்திலீனின் முனையோ கிடைத்த இடத்தில் ஹைட்ரஜனைப் பறிக்கும். சங்கிலி கண்ட இடத்தில் வெட்டுப்பட்டு மெழுகும் எண்ணெயும் வாயுவும் கலந்து வரும். லேசர் வைத்து அக்ரிலிக் வெட்டும் பெயர்ப்பலகைக் கடைக்குப் போனால் காரமான ஒரு நெடி அடிக்கும். அது அந்த மோனோமர்தான்.