பங்காளியும் கூட்டாளியும்

அன்புள்ள அக்கா,

நான் சோமனூர்ப் பக்கம். அப்பாவுக்கு 12 விசைத்தறி. கூலிக்குத்தான் ஓட்டுகிறார். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் (நீளவாக்கில் ஓடும் நூல்) ஊடை நூலும் (குறுக்கே ஓடும் நூல்) கொடுப்பார். நாங்கள் காடா துணி நெய்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்குவோம். எத்தனை பாவு வந்தது, எத்தனை மீட்டர் போனது, சேதாரம் என்று எவ்வளவு பிடித்தார்கள், பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அப்பாவின் நோட்டில் இருக்கிறது. தகராறு என்று வந்தால் அந்த நோட்டை எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்வதில்லை.

நான் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் 4 வருடம் வேலை பார்த்தேன். இந்தக் கணக்கை இரு தரப்பும் செல்போனில் பார்க்கிற மாதிரி ஒரு செயலி தொடங்கியிருக்கிறேன். பல்லடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஒரு தம்பிக்கு 18,000 ரூபாய் கொடுத்து முதல் வடிவத்தை எழுதி வாங்கினேன். 9 குடோன்களில், அதாவது தறிக்கூடங்களில், ஓடுகிறது. காசு வாங்கிய பிறகும் அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து திருத்திக் கொடுக்கிறார்.

இப்போது ஒரு கோ-ஃபவுண்டர், அதாவது இணை நிறுவனர், வேண்டும். இரண்டு பேர் கண்ணில் இருக்கிறார்கள். பெரியப்பா மகன் 5 லட்சம் போடுகிறேன், பாதிப் பங்கு கொடு, வெளி வேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், பொண்ணு தனியாக எப்படி அலைவாய் என்கிறார். பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருக்கும் என் பள்ளித் தோழர், சனி ஞாயிறு வேலை செய்து தருகிறேன், 40 சதவீதமும் சி.டி.ஓ. (தொழில்நுட்பத் தலைவர்) பதவியும் வேண்டும் என்கிறார். முதலீட்டாளர் முன்னால் நிறுத்த அவர் பயோடேட்டா உதவும் என்று தோன்றுகிறது. யாரைச் சேர்ப்பது? எவ்வளவு பங்கு கொடுப்பது? இல்லை, தனியாகவே நடத்தலாமா?

பெயர் வேண்டாம்,
சோமனூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அண்ணனைப் பற்றியும் தோழரைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். பல்லடத்துத் தம்பியைப் பற்றி எழுதியது இரண்டு வரி, அதுவும் வேறு கதையின் நடுவில். அவரை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. எனக்கு அவரைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கு முன் மற்ற இருவரையும் முடித்துவிடுகிறேன்.

பெரியப்பா மகன் நம் வழக்கில் பங்காளி. பாட்டன் சொத்தில் பங்குள்ளவர் என்பதால் அந்தப் பெயர். பங்காளிக் காய்ச்சல் என்று ஒரு சொல்லையும் அதே ஊர்கள்தான் உண்டாக்கி வைத்திருக்கின்றன. நீங்கள் தேடுவது கூட்டாளி. பிறப்பால் வருகிற பங்கும் உழைப்பால் வருகிற பங்கும் ஒரே இடத்தில் கலந்தால் பிற்பாடு பிரிப்பது பெரும்பாடு. 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கை வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். இரண்டு சகோதரர்கள் ஆளுக்குச் சரிபாதிப் பங்கு வைத்து நடத்திய ஒரு பிரைவேட் கம்பெனி. பங்கை விற்பதானால் முதலில் அவரவர் கிளைக்குள்தான் கேட்க வேண்டும் என்று வாய்ப்பேச்சில் ஒப்பந்தம். அடுத்த தலைமுறையில் ஒருவர் மற்றக் கிளைக்கு விற்றுவிட்டார். அந்த நிபந்தனை கம்பெனியின் சங்க விதிகளில் (கம்பெனியை நடத்தும் விதிகளை எழுதிப் பதிவு செய்யும் ஆவணம்) எழுதப்படவில்லை, ஆகவே கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வந்தது. அண்ணன் தம்பிகளுக்குள் எழுதிக்கொள்வது மரியாதைக் குறைவு என்று நினைத்த ஒரு குடும்பத்துக்கு நடந்தது அது.

உங்கள் அண்ணனிடம் இருப்பது பணம். பணம் போடுகிறவர் வேறு, கூட்டாளி வேறு. திருப்பூர்ப் பக்கம் உழைக்கிறவரை வொர்க்கிங் பார்ட்னர், பணம் மட்டும் போடுகிறவரை ஸ்லீப்பிங் பார்ட்னர் என்று வித்தியாசம் வைத்தே பேசுவார்கள். 5 லட்சத்துக்குப் பாதி என்றால், உங்கள் 4 வருட அனுபவத்தையும் ஓடிக்கொண்டிருக்கும் 9 குடோன்களையும் சேர்த்து 5 லட்சம் என்று மதிப்புப் போடுகிறார் என்று பொருள். அதற்கு ஒப்பாதீர்கள். பணம் உண்மையிலேயே தேவை என்றால், கம்பெனி தொடங்குவதற்கு முன்பே உங்கள் பெயரில் கைமாற்றாக வாங்கி, வட்டியும் தவணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கம்பெனி பதிவான பிறகு அது நேரடியாக அவரிடம் கடன் வாங்கப் போனால் சிக்கல் வரும். இப்படிக் கடன் கொடுக்கக் கம்பெனிச் சட்டம் சலுகை தரும் ‘உறவினர்’ பட்டியலில் பெரியப்பா மகன் கிடையாது. நீங்கள் வேலை பார்த்த ஆடிட்டரையே கேளுங்கள், விளக்குவார்.

‘பொண்ணு தனியாக எப்படி’ என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. 9 குடோன்களுக்குள் நுழைந்து செயலியைப் போட்டுக் கொடுத்தவர் நீங்கள்தான்.

பெங்களூர்த் தோழர் விஷயம் இன்னும் நுட்பமானது, அவரிடம் திறமை இருப்பதால். சனி ஞாயிறு வேலை செய்கிறவரை நான் குறைவாக நினைக்கவில்லை. வீட்டுக் கடன் இருக்கும், குழந்தை இருக்கும், மாதச் சம்பளத்தை விட முடியாமல் இருக்கும். ஆனால் உங்கள் தொழிலில் சனிக்கிழமை கூலி பட்டுவாடா நாள். குடோன்காரர் ஒருவர் கணக்குத் தப்பாகக் காட்டுகிறது என்று சத்தம் போட்டால் அதே மணி நேரத்தில் ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும். நஷ்டத்தில் அவருக்கு மாதச் சம்பளம் பாதுகாப்பு. உங்களுக்கு எதுவும் இல்லை. இருவரின் ஆபத்து ஒன்றாக இல்லாதபோது பங்கு மட்டும் 60-40 என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது. இன்னொன்று: பல மென்பொருள் நிறுவனங்களின் வேலை ஒப்பந்தத்தில், ஊழியர் வேலை நேரத்துக்கு வெளியே எழுதுவதும் நிறுவனத்துக்கே என்று ஒரு பிரிவு இருக்கும். அவருடைய ஒப்பந்தத்தை வாங்கிப் படிக்காமல் ஒரு வரி நிரல்கூட அவரிடமிருந்து வாங்காதீர்கள்.

பயோடேட்டா பற்றிச் சொன்னீர்கள். முதலீட்டாளர் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்காக ஒருவருக்குப் பங்கு கொடுப்பது பெரிய பிழை. நல்ல முதலீட்டாளர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, நீங்கள் இருவரும் எப்படி அறிமுகம், இதற்கு முன் சேர்ந்து என்ன செய்தீர்கள் என்பது. 1981-ல் புனேயில் இன்ஃபோசிஸைத் தொடங்கிய ஏழு பேரும் பட்னி கம்ப்யூட்டர்ஸில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். ஃபிளிப்கார்ட்டின் இரண்டு பன்சால்களும் உறவினர்கள் கிடையாது. அமேசானில் சேர்ந்து வேலை பார்த்துவிட்டு 2007-ல் வெளியே வந்தவர்கள். 2010-ல் சென்னையில் ஃபிரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் அதற்கு முன் ஜோஹோவில் இருந்தவர்கள்; 2021-ல் அந்தக் கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. இவர்களெல்லாம் எங்கேயோ கூட்டத்துக்குப் போய் ஒருவரையொருவர் கண்டுபிடித்தவர்கள் இல்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே கெடுவுக்கு ஓடி, யார் நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வார் என்று பார்த்தவர்கள்.

என் கதையையும் சொல்ல வேண்டும். 2003-ல் நானும் கல்லூரித் தோழி ஒருத்தியும் நாமக்கல் லாரி அலுவலகங்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்தோம். டிரிப் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, வழிச் செலவு என்று ஒவ்வொரு வண்டிக்கும் லாப நஷ்டம் காட்டும். மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள் என்பதால் ஆளுக்குப் பாதி. பேச்சே இல்லை. இரண்டாம் வருடம் அவளுக்குத் திருமணமாகி வெளிநாடு போனாள். அவள் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை, நானும் போய் வாழ்த்திவிட்டுத்தான் வந்தேன். அடுத்த 5 வருடம் நான் மட்டும் நடத்தினேன். ஒருவர் கம்பெனியை வாங்க முன்வந்தபோது பாதிப் பங்கு இன்னும் அவள் பெயரில் இருந்தது. அவள் கேட்டது பாதிப் பணம். சட்டப்படி அது அவளுடையது. 14 மாதம் இழுத்தது. வாங்க வந்தவர் போய்விட்டார். இன்றுவரை எங்களுக்குள் பேச்சில்லை. கம்பெனி போனதைவிட அவள் போனதுதான் எனக்கு வலிக்கிறது. பாதி என்று சொன்ன நாளில் ஒரு பக்கம் எழுதியிருந்தால் இரண்டும் இருந்திருக்கும்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதுவது? பங்கு எவ்வளவு என்பதைவிட, அது எப்போது முழுதாகச் சொந்தமாகிறது என்பதை எழுதுங்கள். வெஸ்டிங் என்பார்கள். பரவலான வழக்கம் 4 வருடம். முதல் 12 மாதத்துக்குள் விலகினால் ஒன்றும் இல்லை. 12 மாதம் முடிந்ததும் கால் பங்கு, பிறகு மாதத்துக்கு 48-ல் ஒரு பங்கு. 40 சதவீதம் பேசிய ஒருவர் 18 மாதத்தில் விலகினால் 15 சதவீதத்தோடு போவார். மீதி 25 கம்பெனிக்குத் திரும்பும். இது உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் பங்குக்கும் அதே நிபந்தனையைப் போட்டுக்கொண்டு பேசினால் எதிரில் இருப்பவர் சந்தேகமின்றிக் கையெழுத்துப் போடுவார். கம்பெனி பதிவாகும்போது இது சங்க விதிகளிலும் ஏற வேண்டும். அந்த 1991 வழக்கு நினைவிருக்கட்டும். கம்பெனியாக இல்லாமல் கூட்டு நிறுவனமாக (பார்ட்னர்ஷிப்) நடத்தினாலோ, 1932-ன் கூட்டாண்மைச் சட்டம் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை லாபமும் நஷ்டமும் சரிசமம் என்றே வைத்துக்கொள்ளும். அங்கே கடனுக்கும் ஒவ்வொருவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு.

ஆப்பிளின் மூன்றாவது நிறுவனர் ரொனால்ட் வேய்னைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976 ஏப்ரலில் ஜாப்ஸ், வோஸ்னியாக்கோடு சேர்ந்தார். இருவரும் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்வதற்காக அவருக்கு 10 சதவீதம். 12-ஆம் நாள் விலகினார், 800 டாலர் பெற்றுக்கொண்டார். ஏமாந்தவர் என்று எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது கூட்டு நிறுவனம். கடன் தீர்க்க முடியாமல் போனால் வந்து பிடிக்கும் அளவுக்குச் சொத்து அவரிடம்தான் இருந்தது, இளைஞர்கள் இருவரிடமும் இல்லை. தனக்குத் தாங்காது என்று 12 நாளில் தெரிந்துகொண்டு சுத்தமாக விலகியது மற்ற இருவருக்கும் அவர் செய்த உதவி. தாங்காதவர் நான்காம் வருடம் விலகினால்தான் விபரீதம்.

இப்போது பல்லடத்துத் தம்பி. காசு முழுதும் வாங்கிய பிறகு, யாரும் கூப்பிடாமல், ஞாயிற்றுக்கிழமை, தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து திருத்துகிறார். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் குணத்துக்கு இதைவிடச் சான்று எந்தப் பயோடேட்டாவிலும் வராது. அவருக்குப் பெரிய கல்லூரிப் பட்டம் இல்லாமல் இருக்கலாம். 900 குடோன்களைத் தாங்கும்படி எழுதத் தெரியாமலும் இருக்கலாம். அதைக் கற்றுக்கொள்ளலாம், தெரிந்தவரைச் சம்பளத்துக்கும் வைக்கலாம். பெங்களூர்த் தோழரை அதற்குக் கட்டணம் கொடுத்து ஆலோசகராகக் கேட்டால் நட்பும் கெடாது.

அதற்காக நாளைக்கே பங்கு எழுதிவிடாதீர்கள். மூன்று மாதம் ஒரு வேலை வையுங்கள். 9 குடோனை 30 ஆக்குவது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நேரத்துக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். இலவசமாக வாங்கினால் அவர் மனம் தெரியாது. உற்பத்தியாளர் ஒருவர் சேதாரக் கணக்கை மாற்றச் சொல்லி அழுத்தினால் அவர் என்ன செய்கிறார், தப்பு தன் பக்கம் என்றால் உடனே சொல்கிறாரா, நீங்கள் மறுத்த யோசனையை மனதில் வைத்துக்கொண்டு முகம் திருப்புகிறாரா என்று பாருங்கள். அவரும் உங்களை அப்படியே பார்ப்பார். நடுவில் ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து, வீட்டுக்கு மாதம் எவ்வளவு இருந்தால் ஓடும், ஒன்றரை வருடம் வருமானமே இல்லை என்றால் சென்டரை மூட முடியுமா, திருமணம், அப்பா அம்மா மருத்துவச் செலவு எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கேளுங்கள். இந்தப் பேச்சை எடுக்கக் கூச்சமாக இருக்கும். நானும் என் தோழியும் அந்தக் கூச்சத்தில்தான் பேசாமல் விட்டோம்.

மூன்று மாதம் சரியாகப் போய், அவர் முழுநேரமாக வந்தால் பங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். புதுக் கம்பெனிகளுக்குப் பணமும் பயிற்சியும் தரும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் ஏறக்குறையச் சமமாகப் பிரிக்கச் சொல்கிறது, வேலையில் பெரும்பகுதி இனிமேல்தான் இருக்கிறது என்பதால். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. தொழிலும் வாடிக்கையாளரும் உங்களுடையது. 30-லிருந்து 40-க்குள், 4 வருட வெஸ்டிங்கோடு கொடுங்கள். 10 கொடுத்தால் அவர் சம்பளக்காரராகவே நினைப்பார். முடிவில் முட்டிக்கொண்டால் கடைசி வார்த்தை யாருடையது என்பதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள்.

தனியாக நடத்தலாமா என்றால், தாராளமாக. பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர் வேண்டும்தான். அதற்கு அம்மா பெயரில் ஒரு பங்கு போதும், அவரே இரண்டாவது இயக்குநராகவும் இருக்கலாம். 2013 கம்பெனிச் சட்டத்தில் ஒருநபர் கம்பெனிக்கும் இடமிருக்கிறது. சட்டத்துக்காகக் கோ-ஃபவுண்டர் தேட வேண்டாம். தம்பி சரிப்படவில்லை என்றால் கோவையில் புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கைகொடுக்கும் பி.எஸ்.ஜி. ஸ்டெப், ஃபோர்ஜ் போன்ற இடங்களுக்குப் போய்வாருங்கள். ஆனால் ஆள் வேண்டும் என்று கேட்டுப் போகாமல், செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கையில் எடுத்துப் போங்கள்.

ஒன்று மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். 18,000 ரூபாய் கொடுத்ததால் அந்த நிரல் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பதிப்புரிமைச் சட்டப்படி சம்பள ஊழியர் அல்லாத ஒருவர் எழுதியது, எழுத்தில் மாற்றித் தராதவரை எழுதியவருக்கே உரியது. ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். அவர் உரிமையை எழுதித் தரட்டும், நீங்கள் மூன்று மாதத் திட்டத்தை எழுதிக் கொடுங்கள். எப்படிப் பேசினார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா