யோகத்தில் நினைவு தடையா, துணையா?

இரண்டும்தான். பதஞ்சலி தம் யோகசூத்திரத்தில் மனத்தின் ஐந்து விருத்திகளுள், அதாவது அசைவுகளுள், கடைசியாக ஸ்மிருதியை வைத்து, அனுபவித்த பொருள் நழுவாதிருத்தலே நினைவு என்று வரையறுக்கிறார் (1.11). விருத்திகளை அடக்குவதே யோகம் என்பதால் அதுவும் அடங்க வேண்டியதே, எனினும் 1.20இல் அதே ஸ்மிருதி, சிரத்தை, வீரியம் ஆகியவற்றோடு சமாதிக்கு வழியாகவும் வருகிறது.

அனுபவம் விட்டுச்செல்லும் தடம் சம்ஸ்காரம். அது தூண்டப்படும்போது நினைவு எழுகிறது. பிறப்பு, இடம், காலம் ஆகியவை இடையிட்டாலும் இவ்விரண்டின் தொடர்ச்சி அறுவதில்லை என்கிறது 4.9. இலங்கையின் வடக்கே, வன்னியில் இதற்கு உரை தேவையில்லை. மீள்குடியேறியபோது, பற்றை மூடிய வளவுக்குள் திகைத்து நின்ற என் அம்மம்மா, உடுப்புத் தோய்க்கிற கல்லில் கால் இடறியதும், கிணறு எங்கே, வேலிப்பொட்டு எங்கே என்று மளமளவெனக் காட்டத் தொடங்கினார்.

ஆனால் புளியமரம் கிணற்றுக்குக் கிழக்கே நின்றது என்று அவர் சாதித்தார்; அடிக்கட்டையோ மேற்கே கிடந்தது. உளவியல் வேறுபடுவது இங்கேதான் என்பது என் கருத்து: நினைவு பத்திரப்படுத்திய பொருளன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று பிரித்தானிய உளவியலாளர் பார்ட்லெட் 1932இல் எழுதினார். யோகமோ அத்தகைய பிழையை நினைவின் இயல்பாகக் கொள்ளாமல், விபரியயம் (பிழையான அறிவு) என்னும் வேறொரு விருத்தியின் கணக்கில் எழுதக்கூடும்.