கேளுங்க சொல்றேன்: ஏத்தத்துல மட்டும் ஏன் இழுக்க மாட்டேங்குது?

கேள்வி: சார், டீசல் பிக்கப் டிரக் வச்சிருக்கேன், 4 சிலிண்டர், ரோட்டரி பம்ப் (டீசல அளந்து இன்ஜினுக்குள்ள பீச்சுற இன்ஜெக்ஷன் பம்புல ஒரு வகை). பின்னாடி டிரெய்லர் மாட்டி சின்ன எக்ஸ்கவேட்டர் ஏத்திட்டுப் போறதுதான் வேலை. வெறும் வண்டியா ஓட்டினா பறக்குது. லோடோட நீளமான ஏத்தத்துல பத்து நிமிஷம் ஏறினா புல்லிங் போயிடுது, மிதிச்சாலும் ஒண்ணும் இல்ல, புகையும் வர்ல. கால எடுத்துட்டு கொஞ்சம் மெதுவா போனா திரும்ப சரியாயிடுது. மெக்கானிக் கேஜ் மாட்டி பாத்தாரு, ஐடில்ல டீசல் பிரஷர் 14 பி.எஸ்.ஐ இருக்கு, லிஃப்ட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசல இன்ஜெக்ஷன் பம்புக்குத் தள்றது) நல்லாருக்கு, டர்போதான் (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தித் தள்றது) போச்சு மாத்திடலாம்னு சொல்றாரு. மாத்தட்டுமா?

பதில்: மாத்தாதீங்க, இப்போதைக்கு. டர்போ வீக்கா இருந்தா காத்து பத்தாம டீசல் முழுசா எரியாது, அதனால பெரும்பாலும் கறுப்பா புகை தள்ளும். உங்களுக்கு புகையே இல்லாம இழுவை போகுது, அப்படின்னா டீசல்தான் பத்தலன்னு எனக்குத் தோணுது. அதுலயும் கால எடுத்தா சரியாகுதுன்னு நீங்களே எழுதிருக்கீங்க பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு.

ஐடில்ல இன்ஜின் குடிக்கிறது ரொம்ப கொஞ்சம், அப்போ பாதி அடைச்ச பைப்புல கூட பிரஷர் ஜோரா நிக்கும். வீட்டுல எல்லா குழாயும் மூடியிருக்கும்போது ஒரு குழாய மட்டும் திறந்தா தண்ணி பீச்சும், நாலையும் சேத்து திறந்து விட்டாத்தான் டேங்க்ல இருந்து வர்ற பைப்போட லட்சணம் தெரியும், அதே கதைதான். அதனால அந்த 14-ஐ நம்பாதீங்க. கேஜ கேபின்ல இருந்து பாக்குற மாதிரி மாட்டிட்டு (டீசல் ஹோஸ கேபினுக்குள்ள கொண்டு வந்துடாதீங்க, பிரஷர வயர் வழியா கேஜுக்கு சொல்ற சென்சார் வச்ச எலக்ட்ரிக் கேஜ் போடுங்க), அதே டிரெய்லர், அதே ஏத்தம், ஃபுல் மிதியில போங்க, பக்கத்துல உக்காந்தவர் முள்ள பாக்கட்டும், நீங்க ரோட்ட பாருங்க. முள்ளு 12, 9, 6-னு இறங்கி புல்லிங் போற நேரமும் அதுவும் ஒத்துப்போச்சுன்னா டர்போ தப்பிச்சுது.

ரோட்டரி பம்ப் வண்டில லோடுல அந்த பம்புக்கு சொன்ன அளவுக்குக் கீழ பிரஷர் போக விடாம வச்சுக்கறது நல்லது. காரணம் இழுவை மட்டும் இல்ல. அந்த இன்ஜெக்ஷன் பம்புக்குள்ள ஆயில் கிடையாது, டீசல்தான் அதுக்கு ஆயிலும், கூலன்ட்டும். இன்ஜினுக்குப் போனது போக மிச்ச டீசல் பம்ப் சூட்டையும் வாரிக்கிட்டு ரிட்டர்ன்ல டேங்குக்கு வரணும். லிஃப்ட் பம்ப் பிரஷர் கம்மியானா முதல்ல குறையறது அந்த மிச்சம்தான், பம்ப் வறண்டு சூடாகி உள்ள தேய ஆரம்பிக்கும், நீங்க ஏத்தத்துல இன்னும் மிதிச்சுக்கிட்டே இருப்பீங்க. லிஃப்ட் பம்ப் ஆகுற செலவு வேற, இன்ஜெக்ஷன் பம்ப் ஆகுற செலவு வேற, அத உங்களுக்கு சொல்லத் தேவையில்ல.

சரி பிரஷர் விழுதுன்னு தெரிஞ்சாச்சு, உடனே புது லிஃப்ட் பம்ப் வாங்க ஓடாதீங்க. நான் பாத்த வரைக்கும் பாதிப் பேர் அங்கதான் காச விடுறாங்க, புது பம்ப் மாட்டினாலும் அதே முள்ளு அதே இடத்துல விழும், அப்புறம் பம்ப் டூப்ளிகேட்டுன்னு சண்டை. லிஃப்ட் பம்புக்கு தள்ளத்தான் நல்லா வரும், உறிஞ்ச அவ்வளவா வராது. அதனால டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் உள்ள பக்கத்த முதல்ல பாருங்க. டேங்குக்குள்ள பிக்கப் பைப் நுனில இருக்குற வலை கசடு பிடிச்சிருக்கலாம், பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கம் உரிஞ்சு தொங்கலாம், வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும்.

டேங்க் மூடில காத்துப் போற ஓட்டை அடைச்சாலும் இதே கோளாறுதான், அதுக்கு ஸ்பேனர்கூட வேண்டாம்: ஏத்தத்துல புல்லிங் போனதும் ஓரமா பாதுகாப்பா நிறுத்தி மூடிய மெதுவா திருகுங்க, ‘புஸ்ஸு’ன்னு காத்து உள்ள இழுத்துச்சுன்னா ஆள் சிக்கிட்டான்.

இன்னொரு திருடன் காத்து. உறிஞ்சுற பக்கத்துல ஹோஸ் கிளிப் லூஸா இருந்தா டீசல் வெளிய ஒழுகாது, வெளிக்காத்துதான் உள்ள போகும், அதனால கீழ ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது, லீக்கே இல்லன்னு சொல்லிடுவாங்க. பம்புக்கு முன்னாடி ஒரு முழம் டிரான்ஸ்பரன்ட் ஹோஸ், டீசல் தாங்குறதா பாத்து, தற்காலிகமா மாட்டி இன்ஜின ரேஸ் பண்ணிப் பாருங்க. கடுகு கடுகா குமிழி வரிசையா ஓடினா டேங்க் பக்கமா ஒவ்வொரு ஜாயின்ட்டா போங்க. இதெல்லாம் சுத்தமா இருந்து, அப்புறமும் விழுந்தா பம்ப மாத்துங்க, யாரும் தடுக்கல. எலக்ட்ரிக் பம்ப்னா அதுக்கும் முன்னாடி, பம்ப் ஓடும்போது அதோட கனெக்டர்லயே வோல்டேஜ் எவ்வளவுன்னு பாத்துடுங்க, பேட்டரில இருக்குறது அங்க வரைக்கும் வருதான்னு. எர்த் துரு பிடிச்சு பம்ப் மெதுவா சுத்துறது சர்வசாதாரணம்.

கேள்வி: ஃபில்டர் எப்ப மாத்தணும்னு கிலோமீட்டர் வச்சுத்தான் பாக்கணுமா?

பதில்: கம்பெனி புக்குல சொன்னது அதிகபட்சம்னு வச்சுக்கோங்க, இழுக்குற வண்டிக்கு அதுக்கும் முன்னாடியே மாத்தலாம். ஃபில்டருக்கு முன்னாடி ஒரு கேஜ், பின்னாடி ஒரு கேஜ் வச்சீங்கன்னா கிலோமீட்டரே தேவையில்ல, லோடுல ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் வளர்ந்துக்கிட்டே போனா ஃபில்டர் நிறைஞ்சுது. ஒரே கேஜ்தான்னா ஃபில்டருக்கு அப்புறம், இன்ஜெக்ஷன் பம்புக்கு முன்னாடி வைங்க. குளிர்ல டீசல்ல மெழுகு கட்டி ஃபில்டர் அடைக்கும், அது காலைல மட்டும் வர்ற தொந்தரவு, குழப்பிக்காதீங்க. வாட்டர் செபரேட்டர்ல தண்ணிய மறக்காம வடிச்சு விடுங்க.

கேள்வி: அண்ணே என்னோடது காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரயில்’ங்கற ஒரே ஹை பிரஷர் பைப்ல இருந்து டீசல் போற வகை), லோடுல பவர் கட் ஆகி பி0087 கோடு வருது. ஃப்ரெண்டு ஒருத்தன் பெரிய லிஃப்ட் பம்பா போட்டு பிரஷர 30-க்கு ஏத்திடுங்கறான். ஏத்தலாமா?

பதில்: தம்பி, அந்தக் கோடு ரயில் பிரஷர் பத்தலன்னு சொல்லுது, எதனாலன்னு சொல்லாது. ஹை பிரஷர் பம்ப், இன்ஜெக்டர் ரிட்டர்ன், ரெகுலேட்டர், சென்சார், எதுவும் இருக்கலாம், ஆனா எல்லாத்தையும் விட சீப்பானது அடைச்ச ஃபில்டர், அதுல இருந்து ஆரம்பிங்க. சும்மா 30 வைக்கறதுங்கறது ஆபத்து. இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒண்ணுன்னு வரிசையா வச்ச இன்ஜெக்ஷன் பம்ப்) வண்டி சிலது லோடுல 25, 30 கேக்கும், ரோட்டரி அத தாங்காது, சில காமன் ரயில்ல லிஃப்ட் பம்பே கிடையாது, ஹை பிரஷர் பம்போட ஒட்டுன கியர் பம்பே உறிஞ்சிக்கும், அங்க கேஜ் வச்சா பிரஷர் இல்ல, வேக்கம்தான் (உறிஞ்சுற இழுப்பு) காட்டும். தேவைக்கு மேல தள்ளினா சில பம்புல ஷாஃப்ட் சீல் வழியா டீசல் இன்ஜின் ஆயில்ல கலக்கும். டிப் ஸ்டிக்ல ஆயில் ஏறிட்டே இருந்து டீசல் வாசனை அடிச்சா வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க.

இன்னொண்ணு, இன்ஜின் ஓடும்போது ரயில் பக்கம் லீக் இருக்கான்னு கையால தடவிப் பாக்காதீங்க. 1600 பாருக்கு மேல போற பிரஷர், கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலக் கிழிச்சு உள்ள போயிடும், அப்படி ஆச்சுன்னா காயம் சின்னதா இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரிதான். ஆஃப் பண்ணிட்டு, பிரஷர் இறங்கினப்புறம் ஒரு அட்டைய வச்சுத் துடைச்சு ஈரம் எங்கன்னு பாருங்க.

கேள்வி: கால் டேங்க்குக்கு கீழ வந்தாலே திணறுதே?

பதில்: ஏத்தத்துல டீசல் பின்னாடி சாஞ்சு பிக்கப் பைப் காத்த உறிஞ்சுது. ரிட்டர்ன்ல வர்ற சூடான டீசலும் கொஞ்சமா இருந்தா ஆற நேரம் இல்லாம திரும்ப பம்புக்கே போகும். லோடு இழுக்குற அன்னிக்கு அரை டேங்க்குக்கு மேல வச்சுக்கோங்க.