பட்டறைக் கேள்விகள்: பெரிய இன்ஜினுக்குக் கைக்கடக்கமான செலவில் சூப்பர்சார்ஜர்

கேள்வி: 1965 மாடல் செவர்லே இம்பாலா வைத்திருக்கிறேனுங்க. பழைய இன்ஜின் போய், 350 கன அங்குல வி8 மாட்டியிருக்கு. நான்கு பேரல் கார்புரேட்டர், கம்ப்ரஷன் 8.5. ஞாயிற்றுக்கிழமையானால் ஆழியாறு, வால்பாறை என்று போவோம். சூப்பர்சார்ஜர் போட ஆசை, காசுதான் அளவாக இருக்கு. ரூட்ஸ் போடலாமா, சென்ட்ரிஃபியூகல் போடலாமா? 1.8 லிட்டர் பென்ஸ் சி200-இல் கழற்றிய ஒன்று சல்லிசாக வருது, வாங்கிடலாமுங்களா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: சூப்பர்சார்ஜர், பட்டறை மொழியில் ப்ளோயர், என்பது கிராங்கிலிருந்து (இன்ஜினின் பிரதான தண்டு) பெல்ட்டில் ஓடி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பம்ப். ரூட்ஸ் இரண்டு ரோட்டர்களைச் சுற்றிக் காற்றைத் தள்ளும், சென்ட்ரிஃபியூகல் விசிறிச் சக்கரத்தால் காற்றை வீசும். பென்ஸ் சாமானை விட்டுவிடுங்கள். அதில் இருப்பது ஈட்டன் கம்பெனியின் சின்ன ரூட்ஸ், எம்45. ஒரு சுற்றுக்கு முக்கால் லிட்டர் காற்றைக்கூட முழுதாகத் தள்ளாது. உங்கள் இன்ஜினின் பசி அதைவிடப் பல மடங்கு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 350 கன அங்குலம் என்றால் 5.7 லிட்டர். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் ஒரு சுற்று வந்தால் பாதி சிலிண்டர்கள்தான் காற்றை இழுக்கும், 2.85 லிட்டர். அதுவும் முழுதாக நிறையாது. 80 சதவீதம் நிறைகிறது என்று வைத்தால் 2.28 லிட்டர். 6 பவுண்டு பூஸ்ட் (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு கூடுதல் அழுத்தம்) கொடுத்தால் அழுத்தம் 1.4 மடங்கு ஆகும், ஆனால் காற்று சூடாகி விரிவதால் உள்ளே போகும் காற்றின் எடை 1.18 மடங்குதான். ஆக, கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் 2.7 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். ப்ளோயருக்குள் 15 சதவீதம் பின்கசிவு உண்டு என்று பிடித்துக்கொள்ளுங்கள். இந்த அளவை எம்45 கொடுக்க வேண்டுமானால் கிராங்கைவிட 4.3 மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். இன்ஜின் 5,000 சுற்றில் ஓடும்போது ப்ளோயர் 21,500. பேரிங்கும் ரோட்டரும் அதற்கு நிற்காது.

எம்90 ஒரு சுற்றுக்கு 1.47 லிட்டர் தள்ளும். அதற்கு 2.15 மடங்கு போதும், 10,750 சுற்று. ஓடும், ஆனால் மூச்சுவாங்கி ஓடும். எம்112 என்றால் 1.83 லிட்டர். 1.73 மடங்கு, 8,650 சுற்றோடு முடிந்தது. பழைய ஈட்டன் எதையும் 12,000-ஐத் தாண்ட விடாமல் வைத்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கும். பெரியதை வாங்கி மெதுவாகச் சுற்ற விடுவதுதான் சிக்கனம். சின்னதை வாங்கி விரட்டினால் அது ஹீட்டராகிவிடும். எம்112 தேடுகிறவர்கள் 2003-04 மஸ்டாங் கோப்ரா, ஜாகுவார் எக்ஸ்ஜேஆர் வி8 ஆகியவற்றில் கழற்றியதைக் கேளுங்கள். ப்ளோயர் புல்லி 90 மி.மீ. என்றால் கிராங்க் புல்லி 156 மி.மீ. கோவையில் இதைக் கடைந்து தர லேத்துக்குப் பஞ்சமில்லை. மேனிஃபோல்டுக்கும் ப்ளோயருக்கும் நடுவே வரும் அலுமினியத் தட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சென்ட்ரிஃபியூகல் நல்ல சாமான்தான். இன்ஜினுக்கு முன்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும், பானட்டை அறுக்க வேண்டியதில்லை, ரூட்ஸைவிடக் காற்றைச் சூடாக்குவதும் குறைவு. ஆனால் அதன் பூஸ்ட் சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 5,000-இல் 6 பவுண்டு கொடுப்பது 2,500-இல் ஒன்றரைதான் கொடுக்கும். வால்பாறை ஏற்றத்தின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் இருக்கப்போவது அந்த 2,500-இல்தான். நேர்ரோட்டில் விரட்டுகிறவருக்கு அதைச் சொல்வேன், உங்களுக்கு ரூட்ஸ்.

இனி சூடு. 35 டிகிரி வெயிலில் 6 பவுண்டுக்கு அழுத்தினால் சாதாரண ரூட்ஸிலிருந்து வெளியே வரும் காற்று 90 டிகிரியைத் தொடும். நடுவில் தண்ணீர் இண்டர்கூலர் (காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) வைத்து 55-க்கு இறக்கினால் 1.18 மடங்கு 1.31 ஆகிவிடும். அதே ப்ளோயர், அதே பெல்ட். ஆனால் கார்புரேட்டரை ப்ளோயரின் தலையில் வைத்தால் இண்டர்கூலர் வைக்கக் கூடாது. குளிர்ந்த இடத்தில் பெட்ரோல் சொட்டாகத் தங்கிவிடும், ஒரு பேக்ஃபயர் (தீ இன்ஜினிலிருந்து பின்னோக்கிப் பாய்வது) போதும், பற்றிக்கொள்ளும். இண்டர்கூலர்தான் வேண்டுமென்றால் இன்ஜெக்‌ஷனுக்கு மாற வேண்டும், நிமிடத்துக்கு 350 சி.சி. பீய்ச்சும் இன்ஜெக்டர் எட்டு, ஈ.சி.யு. (அதை ஆளும் கம்ப்யூட்டர்), பம்ப் என்று பட்ஜெட் இரண்டு மடங்காகும். உங்களுக்கு இப்போதைக்குக் கார்புரேட்டரே இருக்கட்டும். ரோட்டருக்குள் ஆவியாகும் பெட்ரோலே ஓரளவு குளிர்விக்கும். கார்புரேட்டர் 600 முதல் 650 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடிக் காற்று) அளவு போதும்.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது. உங்கள் 8.5-ஐ, பூஸ்டின் 1.4-ஆல் பெருக்கினால் 11.9. இது 12-க்குள் இருக்கும்வரை நல்ல பெட்ரோலில் சமாளிக்கலாம். 9.5 கம்ப்ரஷன் வைத்திருப்பவர்களுக்கு 13.3 வரும், இண்டர்கூலர் இல்லாமல் தொடாதீர்கள்.

பெட்ரோல் பங்கில் இப்போது வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று, இ20-க்கு 13.5. பழைய ஜெட்டையே (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) விட்டால் கலவை பெட்ரோல் குறைந்து எட்டு சதவீதம் வறண்டு ஓடும். பூஸ்ட் இல்லாதபோது அது வெறும் திக்கல், பூஸ்டில் பிஸ்டனே உருகும். முழு ஆக்ஸிலேட்டரில் புகையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் லாம்டா 0.8 (தேவையான காற்றில் 80 சதவீதம்) காட்டும்வரை ஜெட்டைப் பெரிதாக்குங்கள். பழைய ரப்பர் ஓஸ், டயஃபிரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பூஸ்ட் ஒரு பவுண்டுக்கு ஒரு டிகிரி பின்னால் போக வேண்டும், மொத்தம் 34 இருந்தால் 28. பிளக் ஒரு படி குளிர்ந்த வகை (சூட்டைச் சீக்கிரம் கடத்துவது), இடைவெளி 0.7 மி.மீ.; அதற்கு மேல் விட்டால் அழுத்தத்தில் ஸ்பார்க் அணைந்துவிடும். இன்ஜினைப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் பிஸ்டனின் மேல் ரிங் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை 0.5 முதல் 0.55 மி.மீ. வரை தேய்த்துவிடச் சொல்லுங்கள். 0.4-இல் விட்டால் சூட்டில் ரிங் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனின் ரிங் வரம்பையே பெயர்த்துவிடும். பிரிக்கவில்லை என்றால் இன்ஜின் சூடாக இருக்கும்போது, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துக் கம்ப்ரஷன் பாருங்கள். எட்டு சிலிண்டர்களுக்குள் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ப்ளோயர் காசை முதலில் இன்ஜினில் போடுங்கள்.

கேள்வி: சாயப்பட்டறை சுத்திகரிப்பு நிலையத்தில் கழித்த ரூட்ஸ் ப்ளோயர் ஒன்று இருக்குதுங்க. அதுவும் ரூட்ஸ், இதுவும் ரூட்ஸ். காரில் மாட்டினால் என்ன?
– வாசகர், திருப்பூர்

பதில்: பங்காளிகள்தான், ஆனால் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். உங்களுடையது வார்ப்பிரும்பு. நாள் முழுக்க ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 1,500 அல்லது 2,000 சுற்றில் காற்றூதச் செய்தது. மேலே சொன்ன வி8-க்கு நிமிடத்துக்கு 13,500 லிட்டர், அதாவது மணிக்கு 810 கன மீட்டர் வேண்டும். அந்த அளவு ப்ளோயர் நூறு கிலோவைத் தாண்டும். எடையைவிட மோசமானது ரோட்டரின் சுழல்பாரம். இன்ஜின் ஒரே நொடியில் 1,000-லிருந்து 4,000-க்குப் போகும்போது அந்த இரும்பு உடனே கூட வராது. பெல்ட் வழுக்கும், அறுந்துபோகும். கியரை மாற்றும்போது அதே இரும்பு இன்ஜினைத் திருப்பி இழுக்கும். அமெரிக்காவில் பேர்போன 6-71 ப்ளோயரும் டீசலில் வந்ததுதானே என்று கேட்கலாம். அது ஜி.எம். இரண்டு ஸ்ட்ரோக் டீசலுக்காக, 71 கன அங்குல சிலிண்டர் ஆறுக்கு, அலுமினியத்தில் வார்த்தது. வேகம் ஏறி இறங்கும் இன்ஜினிலேயே பிறந்தது. உங்கள் ப்ளோயர் மீன் குட்டைக்குக் காற்றூத அருமையாக உதவும்.

கேள்வி: ஆன்லைனில் 12 வோல்ட் எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறதே?
– வாசகர், ஈரோடு

பதில்: அது ஃபேன். 5.7 லிட்டருக்கு 6 பவுண்டு கொடுக்க, நல்ல திறனுள்ள கம்ப்ரஸருக்கே 11 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் 900 ஆம்பியருக்கு மேல். ரூட்ஸுக்கு அதைவிடக் கூட, சுமார் 20 எச்.பி. நம்மூர் தோட்டத்துக் கிணற்றில் ஓடும் 10 எச்.பி. மோட்டார் இரண்டைக் கிராங்க் புல்லி இழுப்பதற்குச் சமம். அதனால்தான் பெல்ட் குறைந்தது எட்டு வரி (ரிப்) உள்ளதாக இருக்கட்டும் என்கிறோம். ப்ளோயர் புல்லியைப் பாதிச் சுற்றாவது தழுவ வேண்டும்.

கேள்வி: புதுப்பேட்டையில் பழைய ப்ளோயர் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், கணபதி, கோவை

பதில்: கையால் சுற்றுங்கள். வெண்ணெய் மாதிரி சுற்ற வேண்டும். ஓரிடத்தில் உரசினால் ரோட்டர் தொட்டுவிட்டது, வைத்துவிட்டு வாருங்கள். டார்ச் அடித்து ரோட்டரின் மேல்பூச்சைப் பாருங்கள். சீராகத் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் காற்றோடு ஏதோ கல்லும் போயிருக்கிறது. அறைக்குள் எண்ணெய் ஈரம் இருந்தால் முன்சீல் போயிற்று. புல்லியை இடமும் வலமும் லேசாக ஆட்டினால் லொடலொடவென்று சத்தம் வருகிறதா? அது புல்லிக்குப் பின்னால் நீளும் மூக்குக்குள் இருக்கும் கப்ளர் (இணைப்புத் துண்டு). அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், விலை பேச அதுவே பிடிமானம். முன்பக்கக் கியருக்குத் தனி எண்ணெய் உண்டு, அதில் இன்ஜின் ஆயிலை ஊற்றக் கூடாது. பூஸ்ட் வேண்டாதபோது காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். அது இல்லாவிட்டால் சும்மா 60-இல் போகும்போதும் ப்ளோயர் வீணாகக் காற்றைப் பிசைந்து சூடேற்றிக்கொண்டே இருக்கும், மைலேஜும் போகும்.

கேள்வி: ஆர்.சி.யில் பிரச்சினை வருமா?
– வாசகர், கரூர்

பதில்: வரும். தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சமயத்தில் இரண்டும். புல்லி கடையக் கொடுக்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 2.5 லிட்டர் டீசல் ஜீப்புக்கு சூப்பர்சார்ஜர் போடலாமுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாமுங்க. சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூட்டில் ஓடும் டர்போ இருக்கும்போது, கிராங்கிலிருந்து எச்.பி.யைத் திருடுவானேன்? டீசலில் கூடுதல் காற்றுக்கேற்ப பம்ப்பையும் திருத்தி வைத்தால்தான் பலன். பம்ப்பை மட்டும் திருகினால் கரும்புகை.