வெளிநாட்டில் வேளாண் பயிற்சி: பணத்துக்கு முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

கேள்வி: மண்டபத்தை அடுத்த கடலோரக் கிராமத்தில் பாசி வளர்ப்பு செய்து வருகிறோம். மகள் பி.எஸ்ஸி. வேளாண்மை இரண்டாம் ஆண்டை முடிக்கப் போகிறாள். ஐரோப்பியப் பண்ணை ஒன்றில் மூன்று மாதப் பயிற்சிக்கு இடம் இருப்பதாகவும், ஒன்றரை லட்சம் ரூபாய் முன்பணம் கட்டினால் விசா வரை தாமே பார்த்துக்கொள்வதாகவும் ஒரு முகவர் சொல்கிறார். கட்டலாமா? அதிகச் செலவில்லாமல் போக வேறு வழி உண்டா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். பயிற்சி அளிக்கும் பண்ணையோ பல்கலைக்கழகமோ தன் பெயரில் எழுதிய கடிதம் முதலில் வர வேண்டும். மகளுக்கு யார் பொறுப்பு, என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உதவித்தொகை உண்டா, தங்குமிடம் யார் செலவு என்பவை அதில் இருக்க வேண்டும். முகவரின் கைப்பேசிக்கு வரும் படத்தைக் கடிதமாகக் கொள்ள முடியாது. அந்நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து மகளுக்கே நேராக வருவதுதான் கடிதம்.

அடுத்து, எந்த வகை விசா என்று கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா 180 நாள்களில் 90 நாள் தங்க இடம் தருகிறதே தவிர, பண்ணையில் வேலை செய்யும் உரிமையைத் தானாகத் தந்துவிடுவதில்லை. அமெரிக்கா என்றால் ஜே-1 விசா. அதற்கு அந்நாட்டு வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஓர் அமைப்பு டிஎஸ்-2019 என்ற படிவத்தை வழங்க வேண்டும். என்ன கற்றுத்தரப்படும் என்று கட்டம் கட்டமாக எழுதிய டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டமும் வேண்டும். திறன் தேவைப்படாத வெறும் கூலி வேலையில் பயிற்சி மாணவரை அமர்த்த அந்த விதிகள் இடம் தருவதில்லை. பழம் பறிக்கவும் தொழுவம் கழுவவும் மட்டும் ஆள் தேடுவோர் ‘பயிற்சி’ என்ற பெயரைத் தாராளமாகப் பயன்படுத்துவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வளைகுடா வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களை நம் கடற்கரை நன்கு அறியும். அவர்களிடம் காட்டும் அதே சந்தேகத்தை இங்கும் காட்டுவதில் தவறில்லை.

வேறு வழிகள் உண்டு. தங்கள் மகளின் நிலையில் நான் முதலில் பார்ப்பது கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் ஆய்வுப் பயிற்சி. கோடையில் 12 வாரம் ஒரு கனடியப் பல்கலைக்கழகப் பேராசிரியரிடம் ஆய்வு செய்யும் இத்திட்டத்தில் இந்திய மாணவர்கள் விண்ணப்பித்து வருகிறார்கள். பயணத்துக்கும் தங்குவதற்கும் திட்டமே பணம் தருகிறது. விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய ஆண்டு செப்டம்பரில் முடிந்துவிடும். பயிற்சி முடிந்து திரும்பிய பின்னும் படிப்பில் பருவம் மீதமிருக்க வேண்டும் என்பதால், நான்காண்டுப் படிப்பில் இருப்பவருக்கு மூன்றாம் ஆண்டின் தொடக்கமே விண்ணப்பிக்கும் காலம். அதாவது மகளுக்கு வரப்போகும் செப்டம்பர்.

மாணவர்களே நடத்தும் அமைப்புகளும் உள்ளன. வேளாண் மாணவர்களுக்கென்றே 1957இல் துனிசியாவில் தொடங்கப்பட்ட ஐஏஏஎஸ், அறிவியல், தொழில்நுட்ப மாணவர்களுக்காக 1948இல் லண்டனில் உருவான ஐயேஸ்டே ஆகிய இரண்டும் பல நாட்டுக் குழுக்கள் வழியே மாணவர்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ஐயேஸ்டே முறையில் இடமளிக்கும் நிறுவனம் அங்கு வாழப் போதுமான உதவித்தொகை தரும்; விமானச் செலவு பொதுவாக மாணவருடையது. கல்லூரியில் இவற்றோடு தொடர்பு உண்டா என்று முதல்வர் அலுவலகத்தில் கேட்கட்டும். பல்கலைக்கழகம் நேரடியாகச் செய்துகொண்ட ஒப்பந்தங்களையும் அங்கேயே விசாரிக்கலாம். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் ரைஸ் ஜெர்மனி திட்டத்தைப் பார்த்து நம் மாணவர்கள் ஏமாறுவதுண்டு. அது வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இடங்களில் படிப்போருக்கானது.

எந்த வழியானாலும் தேர்வை முடிவு செய்வது மகள் எழுதும் ஒரு பக்கக் கடிதம்தான். ‘உலகத்தரமான அனுபவம் பெற விரும்புகிறேன்’ என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். தங்கள் வீட்டில் கயிற்றில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைக்கஸ் பாசி, கடல்நீர் சூடாகும் மாதங்களில் தண்டு வெளுத்து அறுந்து போவதை மகள் கண்ணால் பார்த்திருப்பாள். ‘ஐஸ்-ஐஸ்’ எனப்படும் அந்த நோயை வெளிநாட்டு ஆய்வகங்கள் பல ஆராய்ந்து வருகின்றன. ஸ்காட்லாந்துக் கடல் அறிவியல் நிறுவனம் அவற்றுள் ஒன்று. எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் கட்டிய கயிற்றில் சேதம் அதிகம் என்று இப்போதிருந்தே நோட்டில் குறித்து வந்தால், விண்ணப்பத்தில் எழுத அவளுக்கே உரிய கேள்வி ஒன்று கிடைக்கும். நிலப்பயிர்தான் விருப்பம் என்றால் உவர்நிலம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயும் இம்மாவட்டத்தின் பயிர்தான். நெதர்லாந்தின் டெக்சல் தீவில் உப்பு நீர் பாய்ச்சி உருளைக்கிழங்கு வளர்த்துப் பார்த்தவர்களின் கேள்வியும் நம் கரையின் கேள்வியும் ஏறக்குறைய ஒன்றே. மண்டபம் முகாமில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. ஒரு காலத்தில் நிறுவனத்தின் தலைமையகமே அங்குதான் இருந்தது. அத்தகைய ஓர் இடத்தில் விடுமுறையில் சில வாரம் உதவி செய்து, மகளின் வேலையை நேரில் பார்த்த விஞ்ஞானி ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் பெறுவது, வகுப்பில் மட்டும் பார்த்த ஆசிரியரின் கடிதத்தைவிட எடையுள்ளது என்பது என் கருத்து.

கடவுச்சீட்டை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். நம்மவர்களுக்கு வரும் தொல்லை முதலெழுத்தில்தான்: மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்தாக நிற்கும் தந்தை பெயர், கடவுச்சீட்டில் முழுப்பெயராக விரியும். விண்ணப்பம், அழைப்புக் கடிதம், காப்பீடு எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். ஷெங்கன் குறுகியகால விசா என்றால் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். கல்லூரியின் தடையின்மைச் சான்றும், விடுபடும் வருகை நாள்கள் எப்படிக் கணக்கிடப்படும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஆர்வத்தில் மாணவர்கள் செய்யும் ஒரு காரியத்தையும் தடுத்துவையுங்கள். அங்குள்ள ஆய்வகம் கேட்டது என்பதற்காகப் பாசித் துண்டையோ மண்ணையோ பெட்டியில் வைத்து எடுத்துப் போகக் கூடாது. உயிரியல் மாதிரிகளுக்கு 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையும் உண்டு; மண்ணுக்குப் போகும் நாட்டின் தாவரத் தொற்றுத்தடை விதிகள் உண்டு. கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், காய்ந்த ஒன்றைக் காட்சிக்கு எடுத்துப் போனாலும் குற்றமே. மாதிரி தேவை என்றால் அனுமதி பெறும் வேலையை வழிகாட்டும் பேராசிரியரும் இங்குள்ள நிறுவனமும் பார்த்துக்கொள்ளட்டும். மகள் தன் குறிப்பு நோட்டையும் படங்களையும் எடுத்துச் சென்றால் போதும்.